கருவுறும் முன்பே தொடங்க வேண்டிய பத்தியம்: பீனைல்கீட்டோனூரியா உள்ள பெண்களுக்கு உணவுக் கல்வியும் தோழமையும் ஏன் தேவை?

புது தில்லி: கருவுற்ற பெண்ணுக்குப் பாலும் பருப்பும் பாதாமும் கொடுத்துப் பேணுவது நாடெங்கும் உள்ள வழக்கம். ஆனால், பீனைல்கீட்டோனூரியா என்னும் பிறவி வளர்சிதை மாற்றக் கோளாறு உள்ள பெண்ணுக்கு அதே உணவு, வயிற்றில் வளரும் குழந்தையின் மூளையையும் இதயத்தையும் பாதிக்கக்கூடும். கடுமையான உணவுப் பத்தியத்தால் இப்பாதிப்பைப் பெருமளவு தடுக்க இயலும். அப்பத்தியத்தைக் கருவுறுவதற்கு முன்பே தொடங்கி, மகப்பேறு வரை கைவிடாமல் காப்பதே கடினமானது.

கோளாறு என்ன?

புரதத்தில் உள்ள அமினோ அமிலங்களுள் ஒன்று பீனைல்அலனைன். கல்லீரலில் சுரக்கும் ஒரு நொதி இதனை டைரோசின் என்ற வேறொரு அமினோ அமிலமாக மாற்றுகிறது. பெற்றோர் இருவரிடமிருந்தும் குறைபாடுள்ள மரபணுவைப் பெற்றவர்களிடம் இந்நொதி சரிவரச் செயல்படுவதில்லை. இதனால் பீனைல்அலனைன் இரத்தத்தில் தேங்கி மூளை வளர்ச்சியைத் தடுக்கிறது.

நார்வே மருத்துவர் அஸ்பியோர்ன் ஃபோலிங் 1934-ஆம் ஆண்டில் இந்நோயைக் கண்டறிந்தார். பத்திய உணவால் இதனைக் கட்டுப்படுத்தலாம் என்பதை 1950-களின் தொடக்கத்தில் இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரில் ஹார்ஸ்ட் பிக்கல் குழுவினர் காட்டினர். 1960-களில் ராபர்ட் கத்ரி உருவாக்கிய இரத்தச் சொட்டுப் பரிசோதனை, பிறந்த சில நாட்களிலேயே நோயை அறிய வழிவகுத்தது.

அடுத்த தலைமுறையில் எழுந்த சிக்கல்

குழந்தைப் பருவம் கடந்தபின் பத்தியத்தை நிறுத்திவிடலாம் என்ற கருத்து ஒரு காலத்தில் நிலவியது. அவ்வாறு நிறுத்திய பெண்கள் தாய்மை அடைந்தபோதுதான் அதன் விளைவு முழுமையாகத் தெரியவந்தது.

லெங்கே, லெவி ஆகிய ஆய்வாளர்கள் 1980-இல் வெளியிட்ட ஆய்வு இதில் முக்கியமானது. சிகிச்சை பெறாத, ஒரு டெசிலிட்டர் இரத்தத்தில் 20 மில்லிகிராம் அல்லது அதற்கு மேல் பீனைல்அலனைன் இருந்த தாய்மார்களின் குழந்தைகளில் 92 விழுக்காட்டினருக்கு அறிவுத்திறன் குறைபாடும், 73 விழுக்காட்டினருக்குத் தலை சிறுத்திருத்தலும், 12 விழுக்காட்டினருக்குப் பிறவி இதயக் கோளாறும் காணப்பட்டன.

இக்குழந்தைகளில் பெரும்பாலோருக்குப் பீனைல்கீட்டோனூரியா இல்லை. தந்தையிடம் அந்த மரபணுக் குறைபாடு இல்லாதபோது, குழந்தை நோயைக் கடத்துபவராக மட்டுமே பிறக்கும். எனினும், நஞ்சுக்கொடி தாயின் இரத்தத்திலிருந்து பீனைல்அலனைனைக் கருவுக்குக் கூடுதலாகச் செலுத்துகிறது. ஆகவே தாயிடம் உள்ள அளவைவிடக் கருவில் அதன் அளவு மிகுதியாகிறது.

தாயின் இரத்தத்தில் ஒரு லிட்டருக்கு 120 முதல் 360 மைக்ரோமோல் வரை இருக்க வேண்டும் என்பது பன்னாட்டு வழிகாட்டுதல். இந்நிலையைக் கருவுறும் முன்போ, தவறினால் முதல் எட்டு முதல் பத்து வாரங்களுக்குள்ளோ எட்டிய தாய்மார்களின் குழந்தைகள் இயல்பாக வளரும் வாய்ப்பு மிக அதிகம். கருவின் இதயமும் மூளையும் உருவாகும் காலம் அது. கருவுற்றிருப்பதே பலருக்கு அதன் பாதியில்தான் தெரியவருகிறது.

சமையலறையில் ஒரு கணக்கு

கடுமையான வகை நோய் உள்ளவர்கள் நாளொன்றுக்கு 500 மில்லிகிராமுக்கும் குறைவான பீனைல்அலனைனையே தாங்க இயலும். நூறு கிராம் பச்சரிசியில் சுமார் 350 மில்லிகிராமும், அதே அளவு துவரம் பருப்பில் ஆயிரம் மில்லிகிராமுக்கு மேலும் அது உள்ளது. எனவே பருப்பு, பால், முட்டை, இறைச்சி, கொட்டை வகைகள் விலக்கப்படுகின்றன. அரிசி எடை போட்டு உண்ணப்படுகிறது. ஜவ்வரிசி, கூவைக்கிழங்கு மாவு, எண்ணெய், நெய், சர்க்கரை, சுரைக்காய், பூசணி ஆகியவை கைகொடுக்கின்றன. அஸ்பார்டேம் இனிப்பூட்டி கலந்த பானங்கள் கூடாது. உடலுக்குத் தேவையான புரதம், பீனைல்அலனைன் நீக்கிய அமினோ அமில மாவுக் கலவையிலிருந்து பெறப்படுகிறது.

பட்டினியும் இங்கு ஆபத்தே. மசக்கையால் உணவு குறைந்தால் உடல் தன் தசைப் புரதத்தையே கரைத்து, பீனைல்அலனைன் அளவை உயர்த்திவிடும். கரு வளர வளர, தாய் தாங்கக்கூடிய அளவு கூடுவதால் பத்தியக் கணக்கும் மாறும். இரத்தப் பரிசோதனையை அடிக்கடி செய்து, உணவியல் வல்லுநரின் துணையோடு இதனைத் திருத்திக்கொண்டே இருக்க வேண்டும்.

தோழமையின் பங்கு

மாவுக் கலவையின் மணமும் சுவையும் பலருக்குப் பிடிப்பதில்லை. விருந்திலும் விழாவிலும் தனித்து உண்ண நேர்கிறது. திருமணத்துக்குப் பின் புதிய குடும்பத்தாரிடம் நோயை விளக்கும் சுமையும் பெண்ணையே சேர்கிறது. இத்தகைய சூழலில், அதே பத்தியத்தைக் காத்து நலமான குழந்தையைப் பெற்றெடுத்த ஒருவரின் சொல், அறிவுரைத் தாளைவிட ஆழமாகப் பதியும்.

அமெரிக்காவின் அட்லாண்டா நகரில் உள்ள எமரி பல்கலைக்கழகம், வளர்சிதை மாற்றக் கோளாறு உள்ள வளரிளம் பெண்களுக்கும் இளம்பெண்களுக்கும் 1990-களிலிருந்து கோடை முகாம் நடத்திவருகிறது. ஒரு வார காலம் அவர்கள் ஒன்றாகச் சமைத்து, உணவை அளந்து, கணக்கிடப் பழகுகின்றனர். முகாமில் பங்கேற்றோரின் இரத்த அளவு குறைந்ததை 2000-ஆம் ஆண்டில் வெளியான ஆய்வு பதிவுசெய்துள்ளது. அந்தப் பயன் நீடிக்க, வீடு திரும்பிய பின்னரும் தொடர் ஆதரவு தேவை.

இந்தியாவில்

அரிய நோய்களுக்கான தேசியக் கொள்கை 2021, சிறப்பு உணவால் கட்டுப்படுத்தக்கூடிய நோய்களின் பட்டியலில் பீனைல்கீட்டோனூரியாவைச் சேர்த்துள்ளது. இத்தகைய நோயாளிகளுக்கு உதவ மாநில அரசுகள் பரிசீலிக்கலாம் என்றும் அது கூறுகிறது. தில்லி எய்ம்ஸ், சண்டிகர் முதுநிலை மருத்துவக் கல்வி நிறுவனம், சென்னை எழும்பூர் குழந்தைகள் நல மருத்துவமனை உள்ளிட்டவை சிறப்பு மையங்களாக உள்ளன.

ஆயினும், பிறந்த குழந்தைகள் அனைவருக்கும் இந்நோய்க்கான பரிசோதனை நாடு முழுவதும் நடைமுறையில் இல்லை. இலேசான பாதிப்புள்ள பெண், தமக்கு நோய் இருப்பதையே அறியாமல் தாயாகக்கூடும். காரணம் அறியப்படாமல் சிறுத்த தலையுடன் குழந்தை பிறந்தால், குழந்தையோடு தாயின் இரத்தத்திலும் பீனைல்அலனைன் அளவைச் சோதிப்பது அவசியம்.

நோய் கண்டறியப்பட்ட சிறுமிகளுக்கோ, பத்தியத்தின் நோக்கத்தைப் பூப்பெய்தும் பருவத்திலிருந்தே விளக்குவதும், கருத்தரிப்பைத் திட்டமிடக் கற்பிப்பதும், கணவரையும் மாமியாரையும் மருத்துவ ஆலோசனையில் சேர்த்துக்கொள்வதும் தேவைப்படுகின்றன. சமைப்பவர் எவராயினும், அரிசியை எடை போடுவதன் காரணம் அவருக்கும் தெரிந்திருந்தால்தான் அந்தப் பத்தியம் நிலைக்கும்.