கலங்கள் வழி பிரியுமாறு

மூளைக் கலத்திலும் ஈரற் கலத்திலும் உள்ள பரம்பரையலகுத் தொகுதி ஒன்றேயாம். அங்ஙனமாயின் ஒன்று உணர்வைக் கடத்தவும் மற்றது பித்தத்தைச் சுரக்கவும் அமைந்தது எவ்வாறு? ஏடு ஒன்றே, அதில் எப்பக்கம் படியெடுக்கப்படுகின்றது என்பதிலேயே வேற்றுமை உளது. வளர்ந்த கலத்திலும் ஏடு குறைவுபடாதிருத்தலை 1962இல் ஜோன் கேடன் என்பார், வாற்பேயின் குடற்கலக் கருவைத் தவளைச் சூலிற் புகுத்திக் காட்டினார். (ஈற்றன் கல்லூரியில் உயிரியலிற் கடைசியிடம் பெற்றவர் இவரே என்பதை நம் மாணவர் அறிதல் நன்று.)

கருக்கட்டிய சூல் உடனே தன் ஏட்டை நம்பி வாழ்வதன்று. தாய் முன்னரே சேமித்து வைத்த ஆர்.என்.ஏ. படிகளே அதனை நடத்துகின்றன. சுண்டெலியில் இருகல நிலையிலும், மனிதரில் நான்கு முதல் எட்டுக்கல நிலையிலுமே அதன் சொந்தப் பரம்பரையலகுகள் பெரும்பாலும் விழிக்கின்றன.

பின்னர் முதற்பிரிவினை நிகழ்கின்றது. சுண்டெலி முளையத்தின் புறக்கலங்களிற் சீடீஎக்ஸ்-2 என்னும் புரதம் ஓங்க, அவை சூல்வித்தகத்துக்கு உரியனவாகின்றன. அகக்கலங்களில் ஒக்ற்-4 நிலைபெற, அவற்றிலிருந்து உடல் தோன்றுகின்றது. இவை ஒன்றையொன்று அடக்குவன. ஆதலின் கலம் இரண்டுங்கெட்ட நிலையில் நெடிது நிற்க இயலாது. சீடீஎக்ஸ்-2 அற்ற முளையம் கருப்பையிற் பதியாது அழியும்.

அகக்கலங்களை 1981இல் கேம்பிரிட்சில் எவன்சும் கோஃப்மனும், கலிபோர்னியாவிற் கேயில் மார்ட்டினும் தனித்தனியே வளர்ப்பூடகத்தில் வளர்த்தனர். இவையே முளையத் தண்டுக்கலங்கள். எதுவும் எழுதப்படாத வெற்றேடுகள் இவையெனப் பலர் கருதுவர், அது பொருந்தாது. ஒக்ற்-4, சொக்ஸ்-2, நானொக் ஆகிய புரதங்கள் ஒன்றையொன்று தாங்கி, இந்நிலையை இடையறாது காக்கின்றன. (நானொக் என்னும் பெயர் அயர்லாந்துப் பழங்கதையில் வரும் மூப்பில்லா நாட்டின் பெயரினின்றும் பிறந்தது.) அளவும் இங்கு முதன்மையானது. 2000ஆம் ஆண்டில் நீவாவும் அவர்தம் துணைவரும் கண்டது வியப்புக்குரியது: ஒக்ற்-4 குறைந்தாற் கலம் சூல்வித்தகத்தின் வழிச் செல்லும்; இருமடங்கினும் குறைவாகவே மிகுந்தாலும் தண்டுக்கலத் தன்மையை இழந்து வேறு வழியிற் செல்லும். கறிக்கு உப்பிடுவார்க்கு இது விளங்கும்.

படியெடுப்பே நிலையை ஆளுமாயின், அதனை மாற்றிக் கலத்தைப் பின்னோக்கி நடத்தவும் கூடுமன்றோ? 2006இல் யப்பானிய அறிஞர் யமனாக்கா நான்கு பரம்பரையலகுகளைச் சுண்டெலியின் தோற்கலங்களிற் புகுத்தி, அவற்றைத் தண்டுக்கல நிலைக்கு ஒப்பாக்கினார். கேடனுக்கும் அவருக்கும் 2012இல் நோபெற் பரிசு பகிர்ந்தளிக்கப்பட்டது. 2014இல் யப்பானில், நோயாளி ஒருவரின் தோற்கலங்களை இவ்வாறு பின்னோக்கி நடத்தி, மீண்டும் விழித்திரைக் கலங்களாக வளர்த்து, அவர் கண்ணிலேயே பொருத்தினர்.