ஒரு ரூம், ஒரு கேமரா, ஒரு வாம்பயர்

டிராகுலாவுக்கு 25 வருஷம் முன்னாடியே ஒரு பெண் வாம்பயர் வந்துட்டா. ஐரிஷ் எழுத்தாளர் ஷெரிடன் லெ ஃபானுவோட 'கார்மில்லா', 1872-ல் புத்தகமாக வந்தது. லாராவைக் காதலிக்கும் கார்மில்லாவை, கடைசியில் ஆண்கள் கூடித் தலையை வெட்டிக் கொல்கிறார்கள்.

2014-ல் கனடாவில் இதையே வெப் சீரிஸா எடுத்தாங்க. பட்ஜெட் கம்மி. அதனால லாராவை ஜர்னலிசம் ஸ்டூடண்ட் ஆக்கி, அவ ஹாஸ்டல் ரூமிலேயே ஒரே கேமராவை நிறுத்திட்டாங்க. பெரிய சண்டையெல்லாம் ஃப்ரேமுக்கு வெளியே.

நாவலிலும் லாராதான் கதை சொல்றா. ஆனா முடிவெடுக்கறது மத்தவங்க. இங்க முடிவும் அவளோடது. 2017-ல் படமா வந்தப்போ, ரெண்டு பேரும் ஒரே வீட்டில் வாழ்றாங்க. திரையில ரெண்டு பெண்கள் காதலிச்சா ஒருத்தி சாகணும்னு பார்த்துப் பழகின நமக்கு, இது சின்ன விஷயம் இல்ல.