அமெரிக்கத் தொடக்கப் பள்ளிகளில் ஒரு சோற்றுப் பதம்

அமெரிக்காவின் அரசுத் தொடக்கப் பள்ளிகளில் மூன்றாம் வகுப்புக்கு வரும் எட்டு வயதுக் குழந்தை, கல்வியாண்டு முடியும் தறுவாயில் தன் மாநிலம் நடத்தும் வாசிப்புத் தேர்வையும் கணிதத் தேர்வையும் எழுதியாக வேண்டும். அந்த மாநிலத்தின் எல்லாப் பள்ளிகளிலும் ஒரே பாடவரையறையை ஒட்டி, ஒரே நடைமுறையில் நடத்தப்பட்டு, ஒரே அளவுகோலால் மதிப்பிடப்படுவதால் இவை தரப்படுத்தப்பட்ட தேர்வுகள் எனப்படுகின்றன. ‘எந்தக் குழந்தையும் பின்தங்கலாகாது’ என்னும் பொருள்படும் பெயரோடு, 2002 ஜனவரியில் குடியரசுத் தலைவர் ஜார்ஜ் டபிள்யூ. புஷ் கையெழுத்திட்ட சட்டம், மூன்றாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரை ஆண்டுதோறும் இவற்றைக் கட்டாயமாக்கியதுடன், 2014ஆம் ஆண்டுக்குள் அத்தனை மாணவரும் தேர்ச்சி நிலையை எட்ட வேண்டும் என்று இலக்கும் வைத்தது. எந்த மாநிலமும் அந்த இலக்கை எட்டவில்லை. 2015 டிசம்பரில் அதன் இடத்துக்கு வந்த புதிய சட்டம் இலக்கைத் தவறவிடும் பள்ளிகளுக்கான தண்டனை விதிகளைத் தளர்த்தியதே தவிர, தேர்வுகளைக் கைவிடவில்லை.

பள்ளியைப் பற்றி ஊரார் அறிந்துகொள்ளும் முதல் எண் தேர்ச்சி விழுக்காடு, அதாவது மாநிலம் வகுத்த கட்-ஆஃப் மதிப்பெண்ணைத் தாண்டிய மாணவர் நூற்றுக்கு எத்தனை பேர் என்னும் கணக்கு. அந்தக் கட்-ஆஃபை ஒவ்வொரு மாநிலமும் தன் விருப்பப்படி நிர்ணயிப்பதால், ஒரு மாநிலத்தில் தேறிய குழந்தை எல்லை தாண்டிக் குடிபெயர்ந்தால் அங்கே தேறாமல் போகக்கூடும். பள்ளி சிறியதாக இருந்தால் எண்ணின் தள்ளாட்டமும் கூடும்: மூன்றாம் வகுப்பில் 40 பேரே படிக்கும் பள்ளியில், கற்பித்தலில் எந்த மாற்றமும் இல்லாமலே, சென்ற ஆண்டைவிட இந்த ஆண்டு நான்கு குழந்தைகள் கூடுதலாகக் கோட்டைத் தாண்டினால் பள்ளி 10 விழுக்காட்டுப் புள்ளிகள் முன்னேறியதாகத் தோன்றும்.

இவற்றைவிட ஆழமான சிக்கல் ஒன்று தேர்வின் இயல்பிலேயே உள்ளது. ஓர் ஆண்டு முழுவதும் குழந்தை கற்ற கணிதம் அனைத்தையும் சில மணி நேரத்தில் கேட்டு முடிக்க இயலாது. எனவே தேர்வு அமைப்போர் சில பத்து வினாக்களைத் தெரிந்தெடுத்து, அவற்றின் விடைகளிலிருந்து முழு அறிவையும் ஊகிக்கிறார்கள். ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்று தமிழர் சொல்வதும் இந்தக் கோட்பாட்டையே. ஆனால் எந்தச் சோற்றை எடுத்து நசுக்கிப் பார்ப்பார்கள் என்று சமைப்பவருக்கு முன்கூட்டியே தெரிந்து, அந்தப் பருக்கை மட்டும் வேகும்படி அவர் பார்த்துக்கொண்டால், பதம் பார்த்தவரின் முடிவு பானையைப் பற்றி எதையும் சொல்லாது.

இது வெறும் உவமை அன்று என்பதை டேனியல் கோரெட்ஸும் அவருடைய சக ஆய்வாளர்களும் 1991இல் வெளியிட்ட ஆய்வு நிறுவியது. வறுமை மிகுந்த, பெரிய நகர்ப்புறக் கல்வி மாவட்டம் ஒன்று, பல ஆண்டுகளாகப் பயன்படுத்திவந்த தேர்வை விட்டுவிட்டு 1987இல் வேறொரு நிறுவனத்தின் தேர்வுக்கு மாறியபோது, மூன்றாம் வகுப்பின் கணிதச் சராசரி ஏறத்தாழ அரைக் கல்வியாண்டு அளவு சரிந்தது. ஆசிரியர்கள் புதிய வினாக்களின் போக்குக்குப் பழகப் பழக, 1990க்குள் அது பழைய உயரத்தை மீண்டும் எட்டியது. அப்போது ஆய்வாளர்கள், கைவிடப்பட்ட பழைய தேர்வை மாணவரில் ஒரு பகுதியினரிடம் எதிர்பாராத வகையில் நடத்திப் பார்த்தார்கள். புதிய தேர்வில் உயர்ந்து நின்ற பிள்ளைகள் பழைய தேர்வில் முன்னவர்களைவிடத் தாழ்ந்திருந்தார்கள். இடைப்பட்ட ஆண்டுகளில் மதிப்பெண் ஏறியது உண்மை, ஆனால் கணித அறிவு அந்த அளவுக்கு ஏறவில்லை. இதையே கல்வி அளவையியலார் மதிப்பெண் வீக்கம் என்கிறார்கள். வளர்ச்சியையும் வீக்கத்தையும் வேறுபடுத்தத் தமிழருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

மதிப்பெண்ணை உயர்த்தும் அழுத்தம் முற்றினால் அது வகுப்பறையின் நீதியையே குலைக்கிறது. டெக்சஸ் மாநிலத் தொடக்கப் பள்ளி ஒன்றை ஆராய்ந்து ஜெனிஃபர் பூஹர்-ஜென்னிங்ஸ் 2005இல் வெளியிட்ட கட்டுரை, ஆசிரியர்கள் மாணவரை மூன்றாகப் பிரித்ததைக் காட்டியது: எப்படியும் தேறிவிடுவோர், சற்றுக் கைகொடுத்தால் தேறக்கூடியோர், தேறவே வாய்ப்பில்லாதோர். கூடுதல் வகுப்பும் தனிக் கவனமும் நடுவில் இருந்தவர்களுக்கே சென்றன, ஏனெனில் விழுக்காட்டை உயர்த்தக்கூடியவர்கள் அவர்கள் மட்டுமே. அதிக உதவி தேவைப்பட்ட பிள்ளை, கோட்டுக்கு வெகு தொலைவில் இருந்த ஒரே காரணத்தால் கைவிடப்பட்டது. அட்லாண்டாவில் நிலைமை மோசடி வரை சென்றது: மாணவர் விடைத்தாள்கள் திருத்தி எழுதப்பட்ட விவகாரத்தில் 44 பள்ளிகளைச் சேர்ந்த 178 கல்வியாளர்களுக்குப் பங்குண்டு என்று 2011இல் மாநில விசாரணை அறிக்கை கூறியது.

ஆயினும் தேர்வே வேண்டாம் என்பது இதற்குத் தீர்வாகாது. 2002ஆம் ஆண்டுச் சட்டம் ஏழைகள், கறுப்பினத்தவர், ஆங்கிலம் கற்கும் பிள்ளைகள், மாற்றுத்திறனாளிகள் ஆகியோரின் முடிவுகளைத் தனித்தனியே வெளியிட வைத்ததால், நல்ல சராசரியின் நிழலில் மறைந்திருந்த குழந்தைகள் முதன்முறையாகக் கண்ணுக்குத் தெரிந்தார்கள். அந்த நன்மையை இழக்கலாகாது. அழுத்தம் இல்லாத தேர்வுக்கும் எடுத்துக்காட்டு உண்டு. நான்காம், எட்டாம் வகுப்பு மாணவரில் மாதிரியாகத் தெரிந்தெடுத்த சிலரிடம் மட்டும் நடத்தப்படும் தேசியக் கல்வி முன்னேற்ற மதிப்பீடு, 1969 முதல் நம்பகமான அளவையாக விளங்கக் காரணம், அது எந்தத் தனிப் பள்ளிக்கும் மதிப்பெண் இடுவதில்லை என்பதே. தன் பெயர் வராத தேர்வுக்கு யாரும் பிள்ளைகளைப் பழக்குவதில்லை.

பள்ளியின் தரத்தை அறிய விரும்புவோர் பார்க்க வேண்டியது வளர்ச்சியை, அதாவது ஒரே மாணவர் கூட்டம் ஆண்டுக்கு ஆண்டு எவ்வளவு முன்னேறியது என்பதை. மூன்றாம் வகுப்புச் சராசரியில் பெரும்பகுதி, பள்ளிக்கு வரும் முன்பே வீட்டில் அமைந்த வாய்ப்புகளின் விளைவு. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் ஷான் ரியர்டன் சிகாகோ அரசுப் பள்ளிகளின் 2009 முதல் 2014 வரையிலான மதிப்பெண்களை ஆராய்ந்தபோது, அங்குள்ள மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் தேசியச் சராசரிக்குக் கீழே இருந்தாலும், எட்டாம் வகுப்பை அடைவதற்குள் ஐந்து ஆண்டுகளில் ஆறு ஆண்டுக் கல்வியைப் பெற்றிருந்ததைக் கண்டார். நாட்டின் கல்வி மாவட்டங்களில் 96 விழுக்காட்டை விட அது வேகமான வளர்ச்சி. அமெரிக்காவில் வீடு தேடும் பெற்றோர் பலர் வீட்டு விளம்பரத்தில் வாடகைக்கும் விலைக்கும் பக்கத்தில் பள்ளியின் மதிப்பெண்ணையும் பார்த்தே முடிவெடுக்கிறார்கள். தேர்ச்சி விழுக்காட்டை மட்டும் நம்பி அப்படி முடிவெடுத்த பெற்றோரின் கண்ணில், அந்த ஐந்து ஆண்டுகளில் சிகாகோ ஆசிரியர்கள் செய்த வேலை பட்டிருக்காது.