மீன் பிழைத்தால் கடை பிழைக்கும்

சேலத்தில் வண்ணமீன் வாங்கி, சேர்வராயன் மலைமேலுள்ள வாழவந்திக்குக் கொண்டுபோகிறவருக்கு, கடைக்காரர் சொல்லும் விலையைவிட அவர் கேட்கும் ஒரு கேள்வி முக்கியம்: “எந்த ஊருக்குக் கொண்டுபோறீங்க?” ஃபைட்டர், கப்பி போன்ற மீன்களுக்குத் தண்ணீர் 24 முதல் 28 டிகிரி வரை இருப்பது நல்லது. சேலத்து வெயிலில் அது பெரும்பாலும் தானாகவே அமைந்துவிடும். சேர்வராயன் மலையின் மார்கழி, தை இரவுகளில் ஹீட்டர் இல்லாமல் அமையாது. தங்கமீன் குளிர் தாங்கும். ஆனால் பெரிதாக வளரும், கழிவும் அதிகம் என்பதால் சின்னக் கண்ணாடிக் குடுவை அதற்குப் போதாது. இந்த விவரத்தைச் சொல்லி விற்கும் கடைக்குத்தான் ஆள் திரும்பி வருவார். விற்ற உயிர் பிழைத்திருப்பதே சிறிய செல்லப்பிராணிக் கடையின் வாடிக்கையைக் கட்டிக்காக்கிறது. தள்ளுபடியும் சிரித்த முகமும் அதற்கு அடுத்தபடிதான்.

புதுத் தொட்டியில் மீன் சாவதற்கு முக்கியக் காரணம் அமோனியா. மீனின் கழிவிலிருந்து வரும் இந்த நஞ்சை முதலில் நைட்ரைட்டாகவும், பிறகு தீங்கு குறைந்த நைட்ரேட்டாகவும் மாற்றுபவை பாக்டீரியாக்கள். அவை ஃபில்டரில் பெருகிப் போதுமான அளவை எட்ட நான்கு முதல் ஆறு வாரம் ஆகலாம். குளிர்ந்த நீரில் இன்னும் தாமதமாகும். ஆகவே முதல் நாளே பத்து மீனைப் பையில் போட்டுக் கொடுப்பவர் அன்றைய கல்லாவை நிரப்புகிறார். “இப்போதைக்கு ரெண்டு போதும், அடுத்த மாசம் வாங்க” என்பவர் அடுத்த மாத வியாபாரத்துக்கு வழி செய்கிறார். செத்தால் மறுபடி வாங்கத்தானே செய்வார்கள் என்று சிலர் கணக்குப் போடலாம். ஒருமுறை வாங்குவார்கள், இரண்டு மூன்று முறை செத்தால் தொட்டி மொட்டைமாடிக்குப் போய்விடும்.

பக்கத்தில் வேறு கடை இல்லாததால் வருகிறவரை நிரந்தர வாடிக்கையாளர் என்று எண்ணுவதும் தவறு. போட்டி வரும்போதுதான் உண்மை தெரியும். வண்ணமீன் வியாபாரத்துக்குப் பெயர்பெற்ற சென்னைக் கொளத்தூரில் (மேட்டூர்ப் பக்கத்துக் கொளத்தூர் அல்ல) அடுத்தடுத்துக் கடைகள். விலை பிடிக்காவிட்டால் சில அடி நடந்தால் போதும். கடைகள் ஒரே இடத்தில் திரண்டிருப்பது வெளியூர் ஆட்களையும் சில்லறை வியாபாரிகளையும் இழுக்கிறது. எல்லாக் கடையிலும் ஏறத்தாழ அதே மீன் கிடைக்கும் இடத்தில், நோயுற்ற மீனைத் தள்ளிவிடாதவர் என்ற பெயர்தான் ஒரு கடையைத் தனித்துக் காட்டும்.

ஆலோசனையை இங்கே இலவசமாகக் கேட்டுக்கொண்டு ஃபில்டரையும் தீனியையும் இணையத்தில் வாங்குவார்களே என்ற வாதம் நியாயமானது. பெட்டியில் அடைத்து அனுப்பும் பொருளில் பெருநிறுவனங்களோடு விலையில் மோதிச் சிறிய கடை ஜெயிப்பது கடினம். அதனால் உழைப்புக்குக் கூலி கேட்க வேண்டும்: தொட்டி அமைத்துக் கொடுப்பது, சுத்தம் செய்வது, தண்ணீரைச் சோதிப்பது ஆகியவற்றுக்குக் கட்டணம் வாங்குவதில் கூச்சம் வேண்டாம்.

சட்டம் பார்த்துக்கொள்ளும் என்று வாங்குபவர் இருந்துவிடவும் முடியாது. நாய், பூனை, பறவை விற்கும் கடைகளுக்கு 2018-இல் வந்த மத்திய விதிகள் பதிவைக் கட்டாயமாக்கின. மீன்கடைகளுக்கென 2017-இல் வந்த விதிகளோ, வியாபாரிகளின் எதிர்ப்புக்குப் பின் திரும்பப் பெறப்பட்டன. அந்த இடைவெளியில் வாங்குபவருக்கு இருக்கும் ஒரே பிடி, கடைக்காரரின் பெயர். அதை விலைக்குறைப்பால் வாங்க முடியாது. இன்று வேண்டாம் என்று சொல்லத் தெரிந்த கடைக்குத்தான் அது சேரும்.