கல் சிறிது, நிறம் பெரிது

நிறக்கல் நகை வாங்க ஆசைப்படுகிறவர்கள் பெரும்பாலும் இரண்டில் ஒன்றைச் செய்கிறார்கள். நல்ல மாணிக்கமும் நீலமும் நமக்குக் கட்டுப்படியாகாது என்று ஆசையை ஒதுக்கிவிடுகிறார்கள். அல்லது, கையில் இருக்கும் பணத்துக்குக் கிடைக்கிற பெரிய கல்லாகத் தேடி, மங்கலும் கலங்கலுமான ஒன்றை வாங்கி வருகிறார்கள். கல் என்றால் பெரிதாக இருக்க வேண்டும் என்ற எண்ணமே இரண்டுக்கும் காரணம். மாணிக்கத்தின் சிவப்பும் மரகதத்தின் பச்சையும்தான் அந்தக் கற்களை விரும்ப வைக்கின்றன. அந்த நிறம் இல்லாத பெரிய கல்லால் என்ன பயன்? பணம் குறைவாக இருக்கும்போது அளவை விட்டுக்கொடுக்கலாம், நிறத்தை விட்டுக்கொடுக்கக் கூடாது. இரண்டு, மூன்று மில்லிமீட்டர் அளவில் நல்ல நிறமுள்ள கல்லை வாங்குவதே நடுத்தரக் குடும்பத்துக்குச் சரியான வழி. கல்லின் விலை எப்படி ஏறுகிறது என்று பார்த்தாலே இது விளங்கும்.

கற்களை எடை போட்டுத்தான் விற்கிறார்கள். ஒரு காரட் என்பது 200 மில்லிகிராம். தங்கத்தின் தரத்தைச் சொல்லும் 22 காரட் வேறு, இது வேறு. பெரிய, சுத்தமான படிகங்கள் பூமியில் அரிதாகவே கிடைக்கின்றன. அதனால் கல்லின் அளவு கூடக்கூட ஒரு காரட்டுக்கான விலையும் கூடிக்கொண்டே போகும். எடையோ, விட்டம் இரண்டு மடங்கானால் எட்டு மடங்காகவும், மூன்று மடங்கானால் இருபத்தேழு மடங்காகவும் ஏறும். ஏழுகல் தோட்டை வைத்துக் கணக்குப் பார்க்கலாம். நடுவில் ஒன்று, சுற்றி ஆறு என மூன்று மில்லிமீட்டர் கற்கள் ஏழைப் பதித்தால் ஒன்பது மில்லிமீட்டர் அகலத்தில் ஒரு பூ கிடைக்கும். அந்த வட்டத்தில் நான்கில் மூன்று பங்குக்கும் மேல் கற்களே நிறைந்திருக்கும். அதே அகலத்தில் ஒற்றை நீலக்கல் வைத்தால் அதன் எடை மூன்று காரட்டைத் தாண்டும். ஏழு சிறு கற்களையும் சேர்த்தால் ஏறக்குறைய ஒரு காரட்தான் வரும். எடை நான்கில் ஒரு பங்கு, காரட் விலையும் பல மடங்கு குறைவு. காதில் தெரியும் நிறம் மட்டும் கிட்டத்தட்ட அதே அளவு. ஏழுகல் தோடும் எட்டுக்கல் பேசரியும் நம் வீடுகளில் தலைமுறை தலைமுறையாக நிலைத்திருப்பதற்கு அழகோடு இந்தச் சிக்கனமும் ஒரு காரணமாக இருந்திருக்க வேண்டும்.

விலையில் மட்டும் அல்ல, சில கற்களுக்கு அழகிலும் சிறிய அளவே பொருந்துகிறது. டம்ளர் நிறைய இருக்கும் காபி டிகாஷன் கறுப்பாகத் தெரிகிறது. அதையே வெள்ளைத் தட்டில் ஒரு சொட்டு விட்டால் செம்பழுப்பு பளிச்சிடுகிறது. ஒளி கடக்க வேண்டிய தூரம் குறைவதால் வரும் மாற்றம் இது. அடர்சிவப்பு கார்னெட் பத்து மில்லிமீட்டர் அளவில் கரித்துண்டு போலக் கிடக்கும். மூன்று மில்லிமீட்டரில் மாதுளை முத்தின் சிவப்பைக் காட்டும். கருமை கலந்த நீலக்கல்லும் அப்படியே, பெரிதாக இருந்தால் மை போலவும் சிறிதானால் நீலமாகவும் தெரியும். அக்வாமரின், வெளிர் செவ்வந்திக்கல் போன்றவற்றுக்கு இது நேர்மாறு. சிறிதாக வெட்டினால் அவற்றின் நிறம் வெளுத்துப் போய்விடும். ஆகவே சிறு கல் வாங்கும்போது அடர்ந்த நிறத்தையே தேர்ந்தெடுக்க வேண்டும். இன்னொரு அனுகூலமும் உண்டு. கல்லுக்குள் இருக்கும் நார், புள்ளி, விரிசல் போன்றவை பெரிய கல்லில் உடனே கண்ணில் படும். சிறு கல்லில் சுத்தமான பகுதியை மட்டும் எடுத்துப் பட்டை தீட்ட முடியும்.

அளவுக்கு அடுத்து விட்டுக்கொடுக்கக் கூடியது பெயர். கல்லின் விலையில் ஒரு பங்கு அதன் பெயருக்காகவே தரப்படுகிறது. பிரிட்டிஷ் அரச மகுடத்தின் முகப்பில் இருக்கும் பெரிய சிவப்புக் கல் 'கறுப்பு இளவரசரின் மாணிக்கம்' என்று அழைக்கப்படுகிறது. உண்மையில் அது மாணிக்கம் அல்ல, ஸ்பைனல் என்ற வேறொரு கல். பல நூற்றாண்டுகள் அரசர்களின் கண்ணுக்கே இரண்டும் ஒன்றாகத்தான் தெரிந்தன. செவ்வந்திக்கல்லும் ஒரு காலத்தில் மாணிக்கம், மரகதத்தோடு சேர்த்து எண்ணப்பட்ட விலையுயர்ந்த கல். பிரேசிலில் அது ஏராளமாகக் கிடைக்கத் தொடங்கியதும் விலை சரிந்தது. ஊதா நிறம் அப்போதும் அதே ஊதாதான். இலங்கையின் இரத்தினபுரிப் பகுதியில் நீலக்கல் எடுக்கும் அதே சரளை மண்ணில்தான் ஸ்பைனல், கார்னெட், சிர்கான், டூர்மலின் எல்லாம் கிடைக்கின்றன. நம் காங்கேயம், கரூர் வட்டாரமும் கற்களுக்குப் பெயர் பெற்றது. நொய்யல் கரையில் உள்ள கொடுமணல் அகழாய்வில் பளிங்கு, பெரில், சூதுபவளம் ஆகியவற்றில் மணி செய்த பட்டறைகளின் தடயங்கள் கிடைத்துள்ளன. நவரத்தினப் பட்டியலுக்கு வெளியே உள்ள கற்களையும் இந்த மண்ணின் மக்கள் ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்பே விரும்பி அணிந்திருக்கிறார்கள்.

சிறு நிறக்கல் வாங்கலாம் என்றதும் முதலில் எழும் மறுப்பு, கல் நகைக்கு மறுவிற்பனை மதிப்பு கிடையாது என்பது. உண்மைதான். பழைய நகையைக் கொடுக்கும்போது கடைக்காரர் கல் எடையைக் கழித்துவிட்டுத் தங்கத்துக்கு மட்டுமே பணம் தருவார். சிறு கற்களுக்குத் தனி விலை எதிர்பார்க்க முடியாது. ஆனால் இது சிறு கல்லுக்கு ஆதரவான வாதமே. திரும்பி வராத பணம் என்று தெரிந்த பிறகு, அதில் பெருந்தொகையைப் போடுவது ஏன்? சேமிப்புக்குத் தங்கக் காசு இருக்கிறது. நிறக்கல் அணிந்து மகிழ்வதற்கு. பட்டுப்புடவை எடுக்கும்போது மறுவிற்பனையை யாரும் கணக்குப் பார்ப்பதில்லை. இன்றைய தங்க விலையில் கல்லைவிட அதைத் தாங்கும் தங்கமே அதிகச் செலவு வைக்கும். அதனால் 92.5 சதவீத வெள்ளியில் கல் பதித்த தோடும் மோதிரமும் நல்ல தொடக்கம்.

இரண்டாவது மறுப்பு, அதே நிறம் செயற்கைக் கல்லில் இன்னும் மலிவாகக் கிடைக்கிறதே என்பது. செயற்கைக் கல்லை இழிவாகப் பேச நியாயமில்லை. வெர்னாய் என்ற பிரெஞ்சு வேதியியலாளர் தீச்சுடரில் மாணிக்கம் வளர்க்கும் முறையை 1902இல் அறிவித்தார். அப்படி வளர்த்த கல் வேதியியல்படி மாணிக்கமேதான். திருச்சி வட்டாரத்தில் செயற்கைக் கல் பட்டை தீட்டி வாழ்ந்த குடும்பங்கள் ஏராளம். செயற்கை என்று சொல்லி, அதற்குரிய விலையில் விற்றால் அது நேர்மையான பொருள். இயற்கைக் கல்லின் விலைக்கு அதைத் தலையில் கட்டுவதும், ஈயக் கண்ணாடி நிரப்பிய மாணிக்கத்தை நல்ல கல் என்று விற்பதுமே மோசடி. கண்ணாடி நிரப்பிய கல்லை ஆசாரி அடுத்த முறை ஊதுகுழல் தீயில் காட்டினாலோ அமிலத்தில் போட்டாலோ பாழாகிவிடும். சூடேற்றி நிறம் கூட்டுவது மாணிக்கத்திலும் நீலத்திலும் வழக்கமானது, நிலைத்து நிற்பது. சொல்லி விற்றால் அதில் தவறில்லை. ஆய்வகச் சான்றிதழ் விலையுயர்ந்த கல்லுக்கு அவசியம். சிறு கல்லுக்கோ, சான்றிதழ் கட்டணம் கல்லின் விலையையே மிஞ்சிவிடும். இங்கே ரசீதுதான் பாதுகாப்பு. ஏமாந்தாலும் இழப்பு சிறியதாக இருப்பது சிறு கல்லின் இன்னொரு நன்மை.

ராசிக்கல் நம்பிக்கை மூன்றாவது தடை. நீலம் எல்லோருக்கும் ஒத்துக்கொள்ளாது என்ற அச்சம் பல வீடுகளில் உண்டு. பலனுக்காகக் கல் அணிகிறவர்களின் கணக்கு வேறு. அவர்களோடு இந்தக் கட்டுரைக்கு வழக்கில்லை. நிறத்துக்காக அணிகிறவர்கள் அந்த அச்சம் இருந்தால் நீலத்தை விட்டு அயோலைட்டையோ நீல ஸ்பைனலையோ தேர்ந்தெடுக்கலாம். உண்மையில் கவனிக்க வேண்டியது கடினத்தன்மை. தெருப் புழுதியில் குவார்ட்ஸ் துகள் இருக்கிறது; மோஸ் அளவுகோலில் அதன் கடினம் 7. நீலமும் மாணிக்கமும் 9, ஸ்பைனல் 8. இவற்றை அந்தத் துகள் கீறாது என்பதால் தினசரி மோதிரத்துக்குத் தாங்கும். கார்னெட்டும் செவ்வந்திக்கல்லும் 7ஐ ஒட்டியவை, தோட்டுக்கும் பதக்கத்துக்கும் ஏற்றவை. சந்திரகாந்தக்கல் 6 அளவே, விரலில் போட்டால் சீக்கிரம் தேயும். மரகதம் கடினமானதுதான், ஆனால் உள்விரிசல்கள் இருப்பதால் அடிபட்டால் உடையும். சிறு கல் உதிர்ந்துவிடும் என்ற கவலைக்கு, விளிம்பு முழுவதும் உலோகம் சுற்றிய பதிப்பு நல்ல தீர்வு. பின்புறம் மூடிய க்ளோஸ் செட்டிங்கில் தண்ணீர் புகுந்தால் உள்ளே இருக்கும் தகடு கறுத்துவிடும் என்பதால் குளிக்கும்போது கழற்றி வைக்க வேண்டும்.

வாங்கும்போது கல்லைக் கடையின் மஞ்சள் விளக்குக்கு அடியில் மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். வாசலுக்குக் கொண்டுவந்து பகல் வெளிச்சத்தில் பாருங்கள். சோடிக் கற்கள் ஒரே நிறமா, பட்டைகளின் முனை மழுங்காமல் இருக்கிறதா என்று கவனியுங்கள். ரசீதில் கல்லின் பெயர், இயற்கையா செயற்கையா, என்ன பதப்படுத்தல் செய்யப்பட்டது, கல் எடை எவ்வளவு, உலோகத்தின் நிகர எடை எவ்வளவு என்று ஐந்தையும் எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதித் தர மறுக்கும் கடையில் வாங்க வேண்டாம்.