கழிவுக் குழாய் எங்கே முடிகிறது?

கற்பிட்டிக் குடாநாட்டில் நல்ல தண்ணீர் வேண்டுமென்று யாரும் ஆழத் தோண்டுவதில்லை. மேற்கே கடல், கிழக்கே புத்தளம் களப்பு, இரண்டுக்கும் நடுவே ஒடுங்கிய மணல் நிலம். குறிஞ்சிப்பிட்டி என்ற ஊர் இருப்பது அந்த மணலின் மேல்தான். கொஞ்சம் தோண்டினால் ஊற்று, இன்னும் தோண்டினால் உவர். மாரியில் பெய்த மழை மணலுக்குள் இறங்கி, தன்னைவிடக் கனமான கடல்நீரின் மேல் வில்லை வடிவில் மிதந்துகொண்டிருக்கிறது. கடல் மட்டத்துக்கு மேலே நன்னீர் 1 மீற்றர் உயர்ந்து நின்றால், கீழே ஏறத்தாழ 40 மீற்றர் ஆழம்வரை அது உவரை அழுத்தி வைத்திருக்கும் என்பது நிலத்தடி நீரியலின் பழைய கணக்கு. அதை மறுபக்கமாகவும் படிக்க வேண்டும்: மேலே ஒரு சாண் இறங்கினால், கீழே உவர் நாற்பது சாண் ஏறிவரும்.

அந்த வில்லைக்கு மூடி கிடையாது. வெங்காயத்துக்கும் மிளகாய்க்கும் போடும் யூரியாவை மணல் பிடித்து வைப்பதில்லை. தண்ணீரையும் பிடித்து வைக்காது என்பதால் அடிக்கடி இறைக்க வேண்டும்; இறைக்க இறைக்க உரம் கரைந்து கீழே போகிறது. பயிர் எடுத்தது போக மிஞ்சும் நைதரசன் நைத்திரேற்றாக மாறிக் கிணற்றுக்குத் திரும்புகிறது. மலசலகூடக் குழிகளும் அதே மணலுக்குள்தான் வடிகின்றன. 1990இல் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் குடும்பங்களில் பல புத்தளம் மாவட்டத்தில் வந்து குடியேறின. அவர்களுக்கும் கிணறும் குழியும் தேவைப்பட்டன. அது யாருடைய குற்றமும் அல்ல. கற்பிட்டிக் கிணறுகளில் நைத்திரேற்று கூடுகிறது என்று 1980களிலேயே ஆய்வாளர்கள் எழுதியிருக்கிறார்கள்.

இந்த ஊரில் குடிநீரைச் சுத்தமாக்க ஆர்.ஓ. (எதிர்ப் பிரசாரண) இயந்திரம் பூட்ட நினைப்பவர் முதலில் அறிய வேண்டிய சொல் நைத்திரேற்றுதான். அதற்கு நிறமில்லை, மணமில்லை. தேத்தண்ணியின் ருசியையும் அது மாற்றாது. குடிநீரில் லீற்றருக்கு 50 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தைகளுக்குத்தான் இதில் பெரிய ஆபத்து. நைத்திரேற்று உடலுக்குள் நைத்திரைற்றாகி, குருதியின் ஈமோகுளோபினை ஒட்சிசன் சுமக்க முடியாதபடி மாற்றிவிடும். உதடும் நகமும் நீலம் பாயும். கிணற்று நீரில் பால்மா கரைத்துக் கொடுத்த குழந்தைகளிடம் இதைக் கண்டு 1945இல் எழுதியவர் அமெரிக்காவின் அயோவா மாநில மருத்துவர் ஹன்டர் கோம்லி. தாய்மார் குழந்தையின் நன்மைக்கென்றே தண்ணீரைக் கொதிக்க வைக்கிறார்கள். கொதிக்கும்போது கிருமி சாகும், நீர் ஆவியாகும். நைத்திரேற்று அப்படியே தங்கிச் செறிவு கூடும். கரி வடியும் புறஊதா விளக்கும்கூட அதை நீக்காது.

ஆர்.ஓ. நீக்கும். இரண்டு பக்கமும் வெவ்வேறு உப்புள்ள நீரை மென்சவ்வு ஒன்றால் பிரித்து வைத்தால், உப்புக் குறைந்த பக்கத்திலிருந்து நீர் மற்றப் பக்கத்துக்குப் போகும். பாடசாலையில் படித்த பிரசாரணம் இதுதான். உப்புள்ள பக்கத்தில் போதிய அழுத்தம் கொடுத்தால் நீர் எதிர்த் திசையில் வரும், உப்பு பின்தங்கும். இது நெடுங்காலமாகத் தெரிந்த விடயம். பயன்படும் வேகத்தில் நீரை விடும் சவ்வுதான் கிடைக்கவில்லை. 1960ஐ ஒட்டிக் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் சிட்னி லோப் என்பவரும் இந்தியாவில் பிறந்த ஸ்ரீநிவாச சௌரிராஜனும் அதைச் செய்து காட்டினார்கள். இன்று வடமராட்சி கிழக்கின் தாளையடியில் கடலைக் குடிநீராக்கும் நிலையத்திலும், குசினிச் சுவரில் தொங்கும் பெட்டியிலும் நடப்பது அதே வேலை.

அந்த அழுத்தத்துக்கு வீட்டு மேல்நிலைத் தாங்கியின் உயரத்தை மட்டும் நம்ப முடியாது. பத்து மீற்றர் உயரத்துக்கு ஒரு பார் அழுத்தம்தான் கிடைக்கும். வீட்டுத் தாங்கி அதில் பாதி உயரம்கூட இருக்காது. சவ்வு நன்றாக வேலை செய்ய நாலைந்து பார் தேவை. ஆகவே சிறிய பம்ப் ஒன்று வேண்டும், மின்சாரமும் வேண்டும். சவ்வுக்கு முன்னால் முதலில் மண்ணையும் தூசியையும் பிடிக்கும் வடி, அடுத்துக் கரி வடி. கிணற்றுக்குக் குளோரீன் போடும் வீடுகளில் கரி வடியை மாற்றும் தவணை தவறக் கூடாது, ஏனென்றால் குளோரீன் பட்டால் இந்தச் சவ்வு சிதைந்துபோகும்.

விற்பவர் கையிலுள்ள டீ.டீ.எஸ். மீற்றரைப் பார்த்து மட்டும் முடிவெடுக்க வேண்டாம். அது நீர் எவ்வளவு மின்சாரத்தைக் கடத்துகிறது என்று பார்த்து மொத்த உப்பை மதிப்பிடும் கருவி. எந்த உப்பு என்று சொல்லாது. கல்சியத்தையும் சல்பேற்றையும் சவ்வு இறுக்கமாகத் தடுக்கும். நைத்திரேற்று அவற்றைவிட இலகுவாக நழுவும். கிணற்றில் லீற்றருக்கு 120 மில்லிகிராம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். புதுச் சவ்வு நூற்றுக்கு 85 பங்கை நிறுத்தினால் குவளையில் 18 வரும், பயமில்லை. சவ்வு பழசாகி 55 பங்கையே நிறுத்தும் நாளில் 54. அப்போதும் மீற்றர் கிணற்றுக்கும் குவளைக்கும் நல்ல வித்தியாசம் காட்டிக்கொண்டிருக்கும். பூட்டுவதற்கு முன் கிணற்று நீரையும், பூட்டியபின் ஆண்டுக்கொரு தடவையேனும் குழாய் நீரையும் ஆய்வுகூடத்தில் நைத்திரேற்றுக்கென்றே சோதிக்கக் கொடுப்பதுதான் வழி. அந்தச் செலவு ஒரு வடியின் விலையைப் போலக் கட்டாயச் செலவு.

பூட்ட வருபவர் அதிகம் பேசாத குழாய் ஒன்று உண்டு. ஒரு லீற்றர் நல்ல நீருக்கு ஏறத்தாழ மூன்று லீற்றர் கழிவாக வெளியேறும். குடிக்கவும் சமைக்கவும் ஒரு வீட்டுக்கு நாளுக்கு 20 லீற்றர் என்றால், கழிவு 60 லீற்றர். ஆண்டுக்குக் கிட்டத்தட்ட 22,000 லீற்றர். வேறு ஊரில் அது வடிகாலோடு போய்விடும். இங்கே முற்றத்து மணலில் விட்டால் வந்த கிணற்றுக்கே போகும், அதுவும் கூடுதல் செறிவோடு. கழிவில் லீற்றருக்கு 150 மில்லிகிராமுக்குக் கொஞ்சம் மேலே நைத்திரேற்று இருக்கும் என்கிறது முன்சொன்ன கணக்கு. அடுத்த வளவின் கிணறும் அந்த வில்லையிலிருந்துதான் ஊறுகிறது. அங்கே இயந்திரம் வாங்க வசதியில்லாத ஒரு தாய் இருக்கலாம்.

அந்தக் கழிவில் சாமான் கழுவலாம், மலசலகூடத்துக்கு ஊற்றலாம். ஆனாலும் கடைசியில் அது மணலுக்கே போகும். எனக்கு நல்லதாகப் படுவது தென்னை. கொஞ்சம் உவரைத் தாங்கும் மரம், நைத்திரேற்று அதற்குச் சாப்பாடு. 22,000 லீற்றர் கழிவில் இருக்கும் நைதரசன் ஒன்றரைக் கிலோ யூரியாவுக்குச் சற்று மேல் வரும். வளர்ந்த இரண்டு தென்னைகளுக்கு ஓராண்டில் போடும் யூரியா ஏறத்தாழ அவ்வளவுதான். கழிவுக் குழாயைக் கிணற்றடியிலிருந்து தள்ளிக் கொண்டுபோய், உரிமட்டை பரப்பிய தென்னம்பாத்திகளில் மாறி மாறி விட்டு, அந்த மரங்களுக்கு யூரியாவை நிறுத்திவிட வேண்டும். குழாய் வாங்கும்போது தென்னை மரம்வரை எட்டும் நீளத்தை அளந்து வாங்குங்கள்.