மெழுகில் பிறக்கும் சிலை: பூட்டானும் தமிழ்நாடும்

பூட்டானின் மரபுக் கைவினைகள் பதின்மூன்று. ‘சோரிக் சுசும்’ என்பது அவற்றின் பொதுப்பெயர்: ‘சோ’ செய்தல், ‘ரிக்’ அறிவு, ‘சுசும்’ பதின்மூன்று. தென்சின் ரப்கியே ஆட்சியில் (1680–1694) இவை வகைப்படுத்தப்பட்டன. மரவேலை, ஓவியம், நெசவு, காகிதம் செய்தல் முதலியவற்றோடு ‘லுக்சோ’ எனும் உலோக வார்ப்பும் இவற்றில் ஒன்று.

லுக்சோவின் அடிப்படை மெழுகு வார்ப்பு. தமிழ்நாட்டின் சுவாமிமலை ஸ்தபதிகளின் முறையும் அதுவே. தேன்மெழுகும் குங்கிலியமும் கலந்து உருவம் செய்வர். அதன்மேல் காவிரி வண்டல் மண்ணைப் பூசி உலர்த்துவர். சூடேற்றினால் மெழுகு உருகி வெளியேறும். அந்த வெற்றிடத்தில் உருக்கிய உலோகத்தை ஊற்றுவர். ஆறியபின் மண் அச்சு உடைக்கப்படும். அதனால் ஓர் அச்சில் ஒரு சிலைதான்.

பூட்டானில் சிலையின் உட்கூட்டில் மந்திரச் சுருள்களை வைத்து மூடிப் புனிதப்படுத்துவர். தமிழகத் திருமேனிகள் பெரும்பாலும் உட்கூடு இல்லாத கன வார்ப்பு. அவற்றுக்குக் கண் திறத்தல் முக்கியச் சடங்கு. மயிலாப்பூரில், பங்குனிப் பெருவிழாவில் மாடவீதி உலா வரும் அறுபத்து மூவர் திருமேனிகள் இந்த உலோகச் சிலை மரபின் தொடர்ச்சி.